ஆளுநரின் தங்கையும் எங்கள் வீட்டு அண்டாவும்

ஜன. 23, வியாழன்

காலையில் கடும் பனி. எதிர் வீட்டு வைக்கோல் போர்கூடத் தெரியவில்லை. வெயில் வந்தது தாமதமாக. முழங்கால் பரவாயில்லை.

செய்ய வேண்டியவை: மூக்குக் கண்ணாடித் திருகாணி. வெங்காயக் காட்டுக்குத் தண்ணீர் முறை கேட்பது. கட்டுரை, இரண்டாம் பகுதி.

கட்டுரையை ஏன் ஒப்புக்கொண்டேன் என்று இன்றும் யோசித்தேன். அரியலூரில் மாதம் ஒருமுறை நடக்கும் வாசகர் கூட்டம். நண்பர் ஒருவர் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்து, "சரித்திர வாத்தியார்தானே, எழுதிட்டு வந்து வாசிங்க" என்றார். மறுக்கத் தெரியவில்லை. பிள்ளைகள் முன் காலமெல்லாம் பேசியவன். பெரியவர்கள் முன் எழுந்தால் சொல்ல வந்தது மறந்துவிடும்.

பொருள்: அமெரிக்கா விடுதலை பெற்ற புதிதில் ஒரு மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர் (இனி ஆ.). அப்பா நீதிபதி. தம்பி சட்டசபையில். மாமனார் ஆலோசனைக் குழுவில். ஆ.வை எதிர்த்து நின்று தோற்றவர் யார் என்றால், சொந்தத் தங்கை புருஷன். பதவி ஒரு வருடத்துக்குத்தான். குழுவைக் கேட்காமல் ஒரு குமாஸ்தாவைக்கூட நியமிக்க முடியாது. எங்கள் ஊர் பிரசிடெண்டுக்கு இதைவிட அதிகாரம் உண்டு. தெருக்குழாய்ச் சாவி அவர் இடுப்பில்.

என் வீட்டுக்காரி பாக்கியத்திடம் வாசித்துக் காட்டினேன். "இதுக்கு எதுக்கு அமெரிக்கா போவணும், நம்ம பிரசிடெண்டு வூட்டைப் பார்த்து எழுதிடலாமே" என்றாள்.

பிரசிடெண்டு வீடு என்பது என் அண்ணன் வீடு. முதலில் அப்பா தலைவர். பிறகு அண்ணன். நெடுநாளாகத் தேர்தலே இல்லை, பெயர் மட்டும் போகவில்லை. இப்போது தேர்தல் அறிவித்திருக்கிறார்கள்.

ஜன. 24, வெள்ளி

மதியம் கமலா வந்தாள். அண்ணன் மகள். இடுப்பில் தேன்மொழி. குழந்தைக்கு மூன்றாவது வயது நடக்கிறது. பிப். 12, வளர்பிறை புதன், எல்லையம்மன் கோயிலில் காதுகுத்து. தேர்தல் பேச்சு வருவதற்கு முன்பே குறித்த நாள்.

அழவில்லை. பாக்கியம் கொடுத்த மோரைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு பேசினாள்.

அவள் அண்ணன் செல்வராசு தலைவருக்கு நிற்கிறான். அவள் புருஷன் மாணிக்கமும் நிற்கிறான். மாணிக்கம் வேறு யாரோ இல்லை, எங்கள் தங்கை மகன். பெண்ணைக் கொடுத்தபோது அண்ணன்தான், "உரிமையுள்ள எடம், கேக்கவே வேணாம்" என்றார். நேற்று அதே அண்ணன், மகளிடம் சொன்னாராம்: "ஒம் புருசன் மனுவ வாபஸ் வாங்கட்டும். அதுவரைக்கும் இந்த வாசப்படிய மிதிக்காத."

மாணிக்கம் வாங்க மாட்டான்.

"யாரு ஜெயிச்சாலும் எனக்கு ஒண்ணுதான் சித்தப்பா. எம் புள்ள அதோட தாய்மாமன் மடியில ஒக்காந்து காது குத்திக்கணும். அண்ணன் வரலேன்னா எனக்குப் பொறந்த வூடு இல்லேன்னு ஊரே பார்த்துடும். அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அங்க போவேன்?"

நான் பேசிப் பார்ப்பதாகச் சொன்னேன். அண்ணனிடம் நான் எதைப் பேசி எப்போது நடந்திருக்கிறது?

குழந்தை என் கண்ணாடியைப் பிடுங்கி இன்னொரு திருகாணியையும் தளர்த்திவிட்டது.

ஜன. 26, ஞாயிறு

பள்ளியில் கொடியேற்றம். மிட்டாய் ஆரஞ்சு. போனேன், பின்வரிசை.

செல்வராசு வந்தான். அவன் சின்னம் ஏணி. "சித்தப்பா, நோட்டீஸ் ஒண்ணு எழுதிக் குடுங்க. பெரம்பலூர் பிரஸ்காரன் எழுதுறது சினிமா விளம்பரம் மாதிரி இருக்கு. நீங்க எழுதினதுன்னு வெளிய தெரிய வேணாம். கௌரவமா இருந்தா போதும்."

காதுகுத்தைப் பற்றி மெல்ல ஆரம்பித்தேன். "வரேன் சித்தப்பா, எங்க போவப்போறேன்? அப்பாரு கொஞ்சம் சூட்டுல இருக்காரு. ஆறட்டும்" என்றான். நிம்மதி. பையன் கெட்டவன் இல்லை. எப்போதுமே இல்லை.

நோட்டீஸ் எழுதினேன். குடிநீர், கப்பி ரோடு, ஏரிக்கரை. கடைசியில் ஒரு வாக்கியம் தானாக வந்தது: 'பதவி என்பது இரவல் வாங்கிய அண்டா. விசேஷம் முடிந்ததும் துலக்கித் திருப்பித் தர வேண்டும்.' ஆ. சொன்னதல்ல. ஒரு வருடப் பதவியைப் பற்றிப் படித்த பாதிப்பாக இருக்கும். எனக்கே பிடித்திருந்தது. இது அபூர்வம்.

ஜன. 28, செவ்வாய்

பனி குறைவு. பருத்தி எடுக்கும் ஆட்கள் சத்தம் காலையிலேயே.

மாணிக்கம் வந்தான். சின்னம் பூட்டு. "மாமா, நீங்க யாரு பக்கமும் இல்லேன்னு தெரியும். அதனாலதான் ஒங்ககிட்ட வந்தேன். நோட்டீஸ்..."

செல்வராசுவுக்கு எழுதியதைச் சொல்லியிருக்க வேண்டும். வெளியே தெரிய வேண்டாம் என்று அவன் கேட்டிருக்கிறான். சொன்னால் வாக்கு மீறல். எழுத மாட்டேன் என்றால் பட்சபாதம். ஒருவன் அண்ணன் மகன், ஒருவன் தங்கை மகன். இரண்டு பக்கமும் பார்த்தேன். கடைசியில் பேனாவை எடுத்தேன். வேறு என்ன செய்வேன்.

குடிநீர், கப்பி ரோடு, ஏரிக்கரை. ஊருக்கு வேறு குறையா இருக்கிறது? வார்த்தைகளை மாற்றி எழுதினேன். முடிவு மட்டும் வரவில்லை. மதியம் முழுவதும் முயன்றேன். எழுதியவை எல்லாம் பள்ளி ஆண்டு விழா வரவேற்புரை போல இருந்தன. நோட்டீஸின் கடைசி வரியை யார் வாசிக்கிறார்கள் என்று நினைத்து அண்டாவையே போட்டுவிட்டேன்.

கட்டுரை: ஆ.வின் தங்கையைத் தேடினேன். அண்ணன் ஆளுநர், புருஷன் எதிராளி. அவள் என்ன செய்தாள்? இத்தனை பெரிய புத்தகத்தில் அடிக்குறிப்பில் ஒரே ஒரு வரி. இன்னாருக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்டவர். அவ்வளவுதான்.

ஜன. 29, புதன்

நண்பருக்குக் கார்டு போட்டேன், அந்தக் குடும்பத்தைப் பற்றி வேறு புத்தகம் உண்டா என்று. பாக்கியத்துக்குச் சளி. துளசிக் கஷாயம்.

மூன்றாவதாக ஒருவனும் நிற்கிறானாம். கடலை மில்லில் வேலை பார்க்கும் கோவிந்தன். ஜீப் இல்லை, மைக் இல்லை. வீடு வீடாக நடக்கிறான். யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

பிப். 2, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

சந்தை நாள். புளியமரத்தடியில் ஏணி ஜீப் நின்றது. மைக்கில் ஒருவன் நோட்டீஸை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தான். அண்டா வந்ததும் கூட்டத்தில் ஒரு 'பலே'. எனக்குள் சின்னச் சந்தோஷம். மறைக்க மாட்டேன்.

அந்த நேரம் பார்த்துப் பூட்டு வண்டி எதிர்ப்புறம் வந்து நின்றது. அதிலும் நோட்டீஸ். குடிநீர், கப்பி ரோடு, ஏரிக்கரை. கடைசியில் அண்டா.

வெங்காயம் விற்றுக்கொண்டிருந்த பெண்பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "ஏம்ப்பா, ரெண்டு பேரும் ஒரே அண்டாவத்தான் இரவல் வாங்குனீங்களா? யாரு மொதல்ல துலக்கப் போறீங்க?"

சந்தையே சிரித்தது. நான் கத்தரிக்காய்க் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரோ, "இது வாத்தியாரு கைவண்ணம்டா, 'வேண்டும்'னு முடிக்கிறாரு பாரு" என்றான். என்னிடம் படித்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

காய் வாங்காமல் திரும்பினேன்.

பாக்கியம் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. "ஒருத்தனுக்கு அண்டா போட்டா இன்னொருத்தனுக்குக் குண்டான் போட வேண்டியதுதான?" என்று மட்டும் கேட்டாள்.

பிப். 3, திங்கள்

காலையில் செல்வராசு. ஜீப்பை விட்டு இறங்கவில்லை.

"சித்தப்பா, ஒங்கள நம்பினதுக்கு நல்லா செஞ்சீங்க. அண்டா கட்சின்னு கூப்பிடுறானுங்க. அப்பாரு சோறு திங்கல."

தவறு என்னுடையது என்றேன்.

"காதுகுத்துக்கும் நீங்களே போய் மடி குடுங்க. என்னால வர முடியாது."

நான் எப்படி மடி கொடுக்க முடியும்? குழந்தைக்கு நான் தாத்தா முறை. கோபத்தில் சொன்னான். ஆனால் வர மாட்டேன் என்றது கோபமாகத் தெரியவில்லை.

சற்று நேரத்தில் மாணிக்கம். அவன் கத்தவில்லை, அதுதான் கஷ்டம். "சொல்லியிருந்தா நான் கேட்டே இருக்க மாட்டேன் மாமா."

உண்மைதான்.

பிப். 5, புதன்

ஜுரம் போல. இல்லை, ஜுரம் இல்லை. படுத்திருந்தேன். கமலா வரவில்லை. வந்து திட்டியிருந்தால் தேவலை. பாக்கியம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பிள்ளைக்குப் பாவாடை தைத்துக்கொண்டிருந்தாளாம். "அண்ணன் வருமா சின்னம்மா?" என்று ஒரே கேள்வியாம்.

கட்டுரையைத் தொடவில்லை. ஆ.வின் மேல் எரிச்சல்.

பிப். 6, வியாழன்

காலையில் ஒரு யோசனை. வந்ததும் பயந்து போனேன்.

செல்வராசு ஒருவன்தானா மாமன்? என் மகன் சுந்தரமும் கமலாவுக்குச் சித்தப்பா மகன், தம்பி. அவன் மடியும் தாய்மாமன் மடிதான். செங்கல்பட்டில் வேலை. ரயிலில் வந்து அரியலூரில் இறங்கினால் பஸ்.

ஆனால் சுந்தரம் மடி கொடுத்தால் ஊர் என்ன சொல்லும்? வாத்தியார் மாணிக்கம் பக்கம் போய்விட்டார். அண்ணன் பங்காளி உறவையே அறுத்துவிடுவார். பிறந்ததிலிருந்து அவர் சொன்ன சொல்லைத் தாண்டியதில்லை.

பாக்கியத்திடம் சொன்னேன். "சட்டைய மாட்டுங்க, பஸ் வந்துடும்" என்றாள்.

பெரம்பலூர் தபாலாபீஸ். தந்தி: '12 புதன் காதுகுத்து. மடிக்கு நீ வா. அப்பா.' குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார், வெறுமனே. நான்தான் மீதிச் சில்லறையை வாங்காமல் நகர்ந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் நல்ல ஜன்னல் இடம். கண்ணாடித் திருகாணியும் போட்டாயிற்று.

பிப். 8, சனி

அண்ணன் வீட்டுக்குப் போனேன். மறைவாகச் செய்ததாக இருக்கக் கூடாது. வழியெல்லாம் வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். வாசலில் மறந்துவிட்டது.

அண்ணன் சாய்வு நாற்காலியில். வெற்றிலை இடிக்கும் சத்தம் நிற்கவில்லை.

"என்ன தம்பி, இன்னொரு நோட்டீஸா?"

"சுந்தரத்துக்குத் தந்தி அடிச்சிருக்கேன் அண்ணே. அவன் வந்து புள்ளைக்கு மடி குடுப்பான்."

இடிப்பது நின்றது.

"எங்கிட்ட கேட்டியா?"

"இல்லண்ணே. சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்."

இதைச் சொன்னது நான்தானா என்று இப்போதும் நம்ப முடியவில்லை. அவர் எழுந்து நின்றார். நான் ஒரு அடி பின்னால் போனேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

அப்போது உள்ளேயிருந்து அண்ணி. வெளியே வரவில்லை, குரல் மட்டும்: "வாத்தியாரு செஞ்சதுதான் சரி. கூடப்பொறந்தவ புள்ளைக்கு மடி குடுக்காதவன் ஊருக்கு என்னத்தக் குடுத்துக் கிழிக்கப் போறான்னு பொம்பளைங்க கேப்பாளுங்க. பாதி ஓட்டு பொம்பளைங்க ஓட்டு. நானே கேப்பேன்."

அண்ணன் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. "நீ போ" என்றார்.

வந்துவிட்டேன். மிரட்டியதாக நினைத்திருப்பாரோ? நான் மிரட்டவில்லை. ஓட்டைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் போயிருக்க மாட்டேன்.

பிப். 11, செவ்வாய்

சுந்தரம் காலை வந்து சேர்ந்தான். உடம்பெல்லாம் அரியலூர் சிமெண்ட் லாரிப் புழுதி. "தந்தியப் பார்த்துட்டு யாருக்கோ மடியில வலின்னு நெனச்சாரு எங்க ஆபீஸர்" என்றான்.

மாலை வாசலில் டிராக்டர் சத்தம். அண்ணன் வீட்டு டிராக்டர், கமலா வீட்டை நோக்கி. பின்னால் அண்டா.

எங்கள் அப்பா வாங்கியது. கழுத்தில் அவர் பெயர் வெட்டியிருக்கும். எங்கள் வகையறாவில் எந்த விசேஷம் என்றாலும் முதல்நாள் அந்த அண்டா போக வேண்டும். அது போனால் வீட்டாரும் வருகிறார்கள் என்று அர்த்தம். யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

டிராக்டர் சந்தையைத் தாண்டும் வரை பாக்கியம் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஒங்க நோட்டீசு போவுது பாருங்க" என்றாள்.

பிப். 12, புதன்

வெயில். எல்லையம்மன் கோயில் வேம்பில் புதுத் தளிர்.

செல்வராசு தட்டு வரிசையோடு வந்தான். பட்டுப் பாவாடை, கொலுசு, தோடு, பழம். அண்ணி வந்தாள். அண்ணன் வரவில்லை. கூடவே பெரம்பலூரிலிருந்து ஒரு போட்டோகிராபர்.

மாணிக்கம் எதிர்கொண்டான். "வாங்க மச்சான். ஏணிய வெளிய சாத்திட்டு வந்தீங்களா?"

"ஒம் பூட்டத் தொற மாப்ள, உள்ள வரேன்."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு கமலா சிரித்தாள், அதனால் எல்லோரும்.

போட்டோகிராபர் இடம் பார்த்து நின்றான். கமலா முகம் மாறியது. எனக்கும் புரிந்தது. மடியில் குழந்தையோடு அடுத்த நோட்டீஸ். சுந்தரம் என் காதில், "மாமன் கணக்குல ஒண்ணு, ஓட்டுக் கணக்குல ஒண்ணு" என்றான்.

செல்வராசு சம்மணமிட்டு உட்கார்ந்தான். தேன்மொழி முதலில் அவன் மீசையைப் பிடித்து விளையாடியது. ஆசாரி ஊசியை எடுத்ததும் தெரிந்துகொண்டது. முதல் காது. அது அலறிய அலறலில் வேம்பிலிருந்த காக்கை பறந்தது. செல்வராசு கண்ணை இறுக மூடிக்கொண்டான். இத்தனை பெரிய ஆம்பளை. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர்.

"அண்ணே, இந்தப் பக்கம் பாருங்க" என்றான் போட்டோகிராபர்.

"எடுத்தேன்னா பொட்டிய ஒடச்சிடுவேன். போய் டீ குடி."

கண்ணைத் திறக்காமலேதான் சொன்னான். குழந்தையின் தலையைத் தன் கழுத்தோடு அணைத்துக்கொண்டு, "முடிஞ்சிது சாமி, முடிஞ்சிது" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அப்போது இரண்டாவது காது இன்னும் முடியவில்லை.

ஓட்டுக்காக வந்தானா, தங்கைக்காக வந்தானா? வந்தபோது எப்படியோ. உட்கார்ந்த பிறகு மாமன்தான்.

பந்தியில் சாம்பார் ஊற்றியது கோவிந்தன். மூன்றாவது வேட்பாளர். ஊர் முழுக்க அழைப்பு, அவனும் வந்தான், ஆள் குறைவென்று வாளியை எடுத்துக்கொண்டான். எனக்கு ஊற்றும்போது, "அண்டா ருசி சார்" என்றான். குத்தலா, மரியாதையா, தெரியவில்லை. சாம்பார் நன்றாக இருந்தது.

பிப். 16, ஞாயிறு

அரியலூர். கட்டுரை வாசித்தேன். தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தங்கையைப் பற்றி ஒரு பத்தி சேர்த்திருந்தேன். 'இது நூலில் இல்லை, கட்டுரையாளரின் ஊகம்' என்று சொல்லிவிட்டே வாசித்தேன்: தேர்தல் நடந்த வருடம் முழுவதும் இரண்டு வீடுகளுக்கும் நடுவே நடந்து தேய்ந்தது ஒரு பெண்ணின் செருப்பாக இருக்கலாம்.

ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எழுந்தார். வரி, சட்டம், அரசியலமைப்பு என்று கேட்பார் என்று பயந்தேன்.

"அந்த அம்மா அப்புறம் பொறந்த வூட்டுக்குப் போனாங்களா இல்லையா?"

தெரியவில்லை என்றேன்.

"தேடிப் பாருங்க சார். அதான் முக்கியம்" என்று உட்கார்ந்தார்.

நண்பர் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வேறு புத்தகம் இல்லையாம்.

வாக்குப்பதிவு நாள்

வரிசை நீளம். பள்ளியில் என் பழைய வகுப்பறைதான் சாவடி. வாக்களித்தேன். யாருக்கு என்று இங்கேயும் எழுதவில்லை. பாக்கியத்தைக் கேட்டேன். "ஒங்களுக்கு எதுக்கு?" என்றாள்.

எண்ணிக்கை முடிந்த மறுநாள்

கோவிந்தன் ஜெயித்துவிட்டான். ஏணியும் பூட்டும் பங்கு போட்டுக்கொண்டதில் நடுவே அவன். டீக்கடையில்: "வூட்டுக்குள்ளயே ஓட்டப் பிரிச்சிக்கிட்டாங்க. இதுல வாத்தியாரு வேற ரெண்டு பக்கமும் அண்டா வெச்சாரு." என்னைப் பார்த்ததும் பெஞ்சில் இடம் விட்டார்கள்.

செல்வராசு மாணிக்கம் வீட்டில். இரண்டு பேரும் கோவிந்தனைத் திட்டிக்கொண்டு ஒரே தட்டில் வேர்க்கடலை உரிக்கிறார்களாம்.

அண்ணன் வீட்டுக்குத்தான் போகத் தயக்கம். எப்படியும் போக வேண்டும் என்று கிளம்பினேன். தெருமுனையில் கமலா. தலையில் அண்டா. புளி போட்டுத் துலக்கியிருந்தாள், வெயிலில் கண் கூசியது. காதுகுத்து முடிந்து இத்தனை நாள் தன் வீட்டிலேயே வைத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை, அவளும் அனுப்பவில்லை. டிராக்டரில் ஏற்றலாமே என்றேன். "நானே குடுக்கணும் சித்தப்பா" என்றாள். பின்னால் போனேன்.

அண்ணன் வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தார். வெற்றிலைச் சத்தம் இல்லை. கமலா படிக்குக் கீழே நின்றாள். ஏறவில்லை. அண்டாவை இறக்கவும் இல்லை. கழுத்து நடுங்கியது. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அண்ணன் எழுந்து படி இறங்கி வந்தார். அண்டாவின் ஒரு காதைப் பிடித்தார். "அந்தப் பக்கம் புடி" என்றார், என்னிடம் இல்லை, மகளிடம். இருவருமாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

ஒரு காது லேசாக ஆடுகிறது. பார்த்தேன். பாத்திரம் பற்றவைக்கும் கன்னானிடம் சொல்ல வேண்டும்.